‘பள்ளி உணவூட்டல்’ என்று எழுதாதீர்கள்

பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதைப் பற்றித் தமிழில் வருகிற மொழிபெயர்ப்பு அறிக்கைகளில் ‘பள்ளி உணவூட்டல் திட்டம்’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ‘ஸ்கூல் ஃபீடிங்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார்கள். சத்துணவு என்ற சொல்லோடு வளர்ந்த ஊரில் இதற்கு என்ன அவசியம்?

உண் என்பதன் பிறவினைதான் ஊட்டு. பழைய தமிழில் உண்ணச் செய்வதையெல்லாம் அது குறித்திருக்கலாம். இன்றைக்கு வழக்கில் அதன் பொருள் சுருங்கிவிட்டது. கைக்குழந்தைக்குத் தாய் ஊட்டுகிறாள், கையசைக்க முடியாத நோயாளிக்கு ஊட்டிவிடுகிறார்கள், பசு கன்றுக்கு ஊட்டுகிறது. உண்பவர் தானாக உண்ண முடியாதவர் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் கைக்குழந்தை, கால்நடை, பள்ளிப் பிள்ளை எல்லாவற்றுக்கும் ‘ஃபீட்’ என்ற ஒரே சொல் ஓடும். தமிழில் ஓடாது. மத்தியானம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். தட்டைக் கழுவிக்கொண்டு வரிசையில் வந்து, சாம்பார் சாதத்தை வாங்கி, முட்டையின் மஞ்சள் கருவைச் சோற்றில் உதிர்த்துப் பிசைந்து தன் கையால் சாப்பிடுகிறது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. யார் அங்கே ஊட்டுகிறார்கள்? ‘பயனாளிகளுக்கு உணவூட்டப்பட்டது’ என்று எழுதும்போது அந்தப் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிடுகிறது.

‘உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே’ என்கிறது புறநானூறு. கொடு, இடு, போடு, பரிமாறு, வழங்கு என்று நம்மிடம் இத்தனை வினைகள் இருக்க, பொருந்தாத ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

‘சத்து வடசொல், ஊட்டம்தான் தமிழ்; அதனால் ஊட்டுவதே சரி’ என்று வாதிடுகிறவர்களும் உண்டு. சத்து வடமொழி வழி வந்தது என்பது சரி. தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் ஊட்டம் வேறு, ஊட்டல் வேறு. ஊட்டம் உடலுக்குள் சேர்வது, ஊட்டல் ஒருவர் செய்யும் செயல். தூய்மைக்காக வந்த சொல் தெளிவைக் கெடுக்கிறதென்றால் அதை நான் ஏற்கமாட்டேன்.

சொற்களின் வரலாற்றையும் பார்க்கலாம். 1920-இல், பி. தியாகராயர் தலைவராக இருந்தபோது, சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியது. அப்போது அதற்குப் பெயர் டிபன். 1956-இல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தது மதிய உணவு. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதை விரித்தபோது சத்துணவு ஆனது. அந்தச் சொல் மக்கள் வாயில் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்குச் சத்துணவு அமைப்பாளர், சத்துணவுக்கூடம், சத்துணவு டீச்சர், சத்துணவு ஆயா என்று கிளைத்த சொற்களே சான்று. வயிறு நிறைந்தால் போதாது, உடம்பில் சத்துச் சேரவேண்டும் என்ற கொள்கை பெயரிலேயே இருக்கிறது. பின்னாளில் முட்டை சேர்ந்தபோதும் பெயரை மாற்றவேண்டி வரவில்லை.

இலங்கைத் தமிழில் ஊட்டச்சத்தைப் போசாக்கு என்றும் ஊட்டச்சத்துக் குறைவை மந்தபோசணை என்றும் சொல்கிறார்கள். அங்கே அவை எல்லோருக்கும் புரிகிற சொற்கள், அவற்றில் எனக்குக் குறையில்லை. குறையெல்லாம் எந்த ஊரிலும் யாரும் பேசாத சொல்லின் மீதுதான். ‘குழந்தைப் பசி ஒழிப்பு’ என்ற தொடரும் அந்த வகைதான். யானைப்பசி என்றால் யானைக்கு வருவது போன்ற பெரும்பசி. அந்த வழக்கில் பழகியவருக்குக் குழந்தைப் பசி என்றால் சின்னப் பசி என்றல்லவா படும்? ‘குழந்தைகளின் பசி’ என்று எழுத ஓரெழுத்து, ஈரெழுத்து கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். இலவச உணவு என்பதையும் விட்டுவிடலாம். பாடப்புத்தகத்தைப்போலச் சோறும் பிள்ளையின் உரிமை.

2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிய பிறகு மதிய உணவு என்ற பெயர் மட்டும் முழுவதையும் குறிக்காது. தமிழ்நாட்டுத் திட்டங்களைச் சொல்லும்போது சத்துணவு, காலை உணவு என்றே எழுதுங்கள். பிற நாட்டுத் திட்டங்களுக்கும் பொதுவாகச் சொல்வதற்கும் ‘பள்ளி உணவுத் திட்டம்’ போதும். வினை வேண்டுமென்றால் அறிக்கையில் ‘உணவு வழங்குதல்’, பேச்சில் ‘சோறு போடுதல்’.