ஆயிரம் ரூவா கார்டுக்கா, ஆளுக்கா? பெரிய குடும்பத்துக்காரங்களுக்கு ஒரு விளக்கம்

எங்க திருநவேலிப் பக்கம் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை (குடும்பத் தலைவிக்கு அரசு மாசா மாசம் போடுற ஆயிரம் ரூவா) பத்தி கேக்குறவங்கள்ல முக்காவாசிப் பேர் கேக்குறது ஒண்ணுதான், "வீட்ல மூணு பொம்பளைங்க இருக்கோம், மூணு பேருக்கும் வருமா?" வராது. ரேஷன் கார்டு ஒண்ணுக்கு ஒருத்தருக்குத்தான். கார்டுல ரெண்டு பேர் இருந்தாலும் மாசம் ஆயிரம், பத்து பேர் இருந்தாலும் அதே ஆயிரம். ஒம்போது பேர் உள்ள வீட்ல தலைக்கு நூத்திப் பதினோரு ரூவா வருது, இது நியாயமான்னு கேட்டா என் கணக்குல நியாயமில்ல. ஆனா அரசாங்கம் அக்கவுண்ட்ல போடுற எல்லாத் துட்டும் கார்டு கணக்கு கிடையாது, சிலது ஆள் கணக்கு, சிலது பட்டா கணக்கு. பெரிய குடும்பம் இத பிரிச்சுத் தெரிஞ்சு வச்சுக்கிட்டாத்தான் கைக்கு வர வேண்டியது முழுசா வரும்.

மொதல்ல இந்த ஆயிரத்த பாப்போம். 2023 செப்டம்பர் 15ல, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு காஞ்சிபுரத்துல தொடங்குனது, ஆரம்பத்துலயே ஒரு கோடிப் பேருக்கு மேல தேர்வானாங்க. அப்போ போட்ட விதி இதுதான்: குடும்பத் தலைவிக்கு 21 வயசு முடிஞ்சிருக்கணும், குடும்பத்தோட வருச வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும், நிலம் இருந்தா நன்செய் 5 ஏக்கர் புன்செய் 10 ஏக்கருக்குள்ள, கரண்ட் வருசத்துக்கு 3600 யூனிட்டுக்குள்ள. கார்டுல தலைவர்னு வீட்டுக்காரர் பேர் இருந்தா அவரு சம்சாரம்தான் தலைவி. அரசு வேலை, அரசு பென்சன், வருமான வரி கட்டுறவங்க, கார் ஜீப் டிராக்டர் வச்சிருக்கவங்க வீட்டுக்கெல்லாம் கிடையாதுன்னும் அப்போ வச்சாங்க.

பெரிய குடும்பம் மாட்டிக்கிடுற எடம் இதுக்குள்ளதான் இருக்கு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே வீட்ல மேல கீழன்னு இருப்பாங்க, மீட்டர் ஒண்ணுதான் இருக்கும், கோடைல ரெண்டு வீட்டு ஃபேனும் மிக்ஸியும் கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் சேந்து ஓடுனா ரெண்டு மாசத்துக்கு 600 யூனிட்ட தாண்டிரும், அப்படியே வருசம் பூரா போனா 3600 காலி. ஏழைதான், ஆனா மீட்டர் பணக்காரன்னு சொல்லுது. அதே மாதிரி கொழுந்தன் லோன் போட்டு டாக்ஸி ஓட்ட கார் எடுத்திருப்பான், மாசா மாசம் ட்யூ கட்ட முடியாம முழிச்சிட்டு இருப்பான், ஆனா அவன் பேரு அதே கார்டுல இருந்தா அந்த கார் மைனிக்கும் (அண்ணிக்கும்) சேத்துத்தான் தடை. மெட்ராஸ்ல வேலை பாக்குற மவன் சம்பளமும் அப்படித்தான், அவன் அங்க தனியா வாடகை குடுத்துட்டு இருந்தாலும் பேரு இங்க கார்டுல கிடந்தா குடும்ப வருமானத்துல சேரும்.

அடுத்தது ஆச்சி விஷயம். மொதல்ல முதியோர் உதவித்தொகை வாங்குற வீட்டுக்கு உரிமைத் தொகை கிடையாதுன்னுதான் இருந்துச்சு, அப்புறம் 2023 ஆகஸ்ட்லயே தளர்த்திட்டாங்க, வீட்ல வயசானவங்க உதவித்தொகை வாங்குனாலும் அதே கார்டுல உள்ள வேற தகுதியான பொம்பளை விண்ணப்பிக்கலாம்னு. இது நெறைய பேருக்கு இன்னும் தெரியல, "அதான் எங்க அத்தை வாங்குதாங்களே, எனக்கு எங்க குடுப்பாங்க"ன்னு ஃபாரமே வாங்காம விட்டவங்க உண்டு. கார்டுல 21 வயசு தாண்டின பொம்பளைங்க ஒண்ணுக்கு மேல இருந்தா யாரு பேர்ல போடணும்னு குடும்பமே முடிவு பண்ணலாம். அதனால ஆச்சிக்கு முதியோர் உதவித்தொகை, மருமகளுக்கு உரிமைத் தொகைன்னு பிரிச்சுப் போடுங்க. பெரிய மனுசின்னு மரியாதைக்கு ஆச்சி பேர்ல ஆயிரத்த போட்டுட்டு 1200ஐ விடுறது புத்தியில்ல (அந்த உதவித்தொகைய 2023 ஆகஸ்ட்லதான் ஆயிரத்துல இருந்து 1200 ஆக்குனாங்க, வயசு 60 ஆகணும், விசாரணை உண்டு).

இப்ப ஆள் கணக்கு. அரசுப் பள்ளியில ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்ச பொண்ணு காலேஜ், டிப்ளமோ, ஐடிஐ எது சேந்தாலும் படிப்பு முடியுற வரைக்கும் மாசம் ஆயிரம், அது புதுமைப்பெண் திட்டம், 2022 செப்டம்பர்ல வந்தது. பையனுக்கும் அதே மாதிரி தமிழ்ப்புதல்வன், 2024 ஆகஸ்ட்ல கோயம்புத்தூர்ல தொடங்குனாங்க. இது ரெண்டும் பிள்ளைங்க கணக்கு, ஒரு வீட்ல ரெண்டு பொண்ணு படிச்சா ரெண்டு பேருக்கும் உண்டு, அம்மா உரிமைத் தொகை வாங்குறது இதுக்குத் தடையே இல்ல. பிரசவத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000, அதுல 14,000 துட்டா வரும், மிச்சம் ஊட்டச்சத்துப் பெட்டகம், ஆனா மொத ரெண்டு பிரசவத்துக்கு மட்டும்தான். பட்டா கணக்குன்னா பிஎம் கிசான், நிலம் உள்ள விவசாயிக்கு மத்திய அரசு குடுக்குறது, வருசத்துக்கு 6000, மூணு தவணை. இங்க நம்மூர்ல பாதி நிலம் செத்துப்போன தாத்தா பேர்லயே கிடக்கு, அண்ணன் தம்பி வாய்ப்பேச்சுல பிரிச்சு ஆளுக்கொரு வயல்னு உழுதுட்டு இருப்பாங்க. 2019 பிப்ரவரி 1க்கு முன்னாடி அவங்கவங்க பேர்ல நிலம் இருந்திருக்கணும்ங்கிற விதியில அத்தன பேரும் அடிபட்டுப் போனாங்க.

முக்கூடல் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு வீடு, ஆச்சி, மவன் மருமவ, ஓட்டல் வேலைக்குப் போற கொழுந்தன், அஞ்சு பிள்ளைங்க. மூத்த பொண்ணு காலேஜ், அடுத்த பையன் ஐடிஐ. மருமவளுக்கு 1000, ஆச்சிக்கு 1200, பொண்ணுக்கு 1000, பையனுக்கு 1000ன்னு மாசம் 4200 வருது. கார்டு கணக்கு மட்டும் பாத்திருந்தா ஆயிரத்தோட நின்னிருக்கும்.

இந்தத் துட்டு வந்ததும் அங்க என்ன மாறிச்சுன்னா, வீடு கட்டல, நகை வாங்கல. அந்த வீட்டு மருமவ பீடி சுத்துறவங்க. சொளவ (முறத்த) மடியில வச்சுட்டு உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் கை நிக்காது. கடையில குடுக்குற இலை மட்டமா இருந்தா எண்ணிக்கை வராது, அப்போ வெளிய காசு குடுத்து இலை வாங்கிச் சேத்துத்தான் கணக்கு ஒப்பிக்கணும், இல்லன்னா கூலில பிடிப்பாங்க. முன்னாடி அந்த இலைக்கு வட்டிக்கு வாங்குவாங்க, சின்னக் கடன்தான், ஆனா வாரவட்டி. இப்ப மாசம் 15ந்தேதி வர்ற உரிமைத் தொகையில மொதல்ல இலைக்கு எடுத்து வச்சிருதாங்க, வட்டி நின்னுருச்சு. பலசரக்குக் கடைப் பற்ற மாசம் ஒருக்கா தீக்குறதால கடைக்காரர் முகம் சுளிக்காம அரிசி பருப்பு குடுக்காரு. தேதி தெரிஞ்சு வர்ற துட்டுக்கு உள்ள பலம் அதுதான், தொகை சின்னதா இருந்தாலும் இந்தத் தேதிக்கு வரும்னு சொல்லி வாங்கவும் குடுக்கவும் முடியுது. அந்தப் பொண்ணு பஸ் பாஸுக்கும் நோட்டுக்கும் அப்பாகிட்ட கை நீட்டுறதில்ல, அதுல ஒரு திமிரு கூட வந்திருக்கு, நல்ல திமிரு.

"துட்டக் குடுத்தா டாஸ்மாக்குக்குத்தான் போகும்"னு டீக்கடையில பேசுறவங்களுக்கு ஒண்ணு. உலக வங்கி ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளத் திரட்டிப் பாத்தப்போ, கைல துட்டு குடுத்ததால குடிக்கும் புகைக்கும் செலவு கூடுனதா தெரியல. நம்மூர்ல புருசங்காரன் மிரட்டிப் பிடுங்குற வீடும் இருக்கு, இல்லன்னு சொல்லல. அதுக்குத்தான் அக்கவுண்ட்டும் ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் பொம்பளை கைல இருக்கணும்ங்கேன்.

கார்டப் பிரிச்சுக்கலாமான்னு கேப்பாங்க. கல்யாணம் ஆகி தனி அடுப்பு வச்சு சமைக்கிறவங்க தனி கார்டு கேக்குறது முறைதான், மொதல்ல பழைய கார்டுல பேர நீக்கணும், அப்புறம் புதுசுக்கு போடணும், அடுப்பு தனியா இருக்கான்னு வந்து பாப்பாங்க. ஒரே சட்டில சோறு தின்னுட்டு ஆயிரத்துக்காக பொய்யா பிரிக்காதீங்க, விசாரணைல தெரிஞ்சா ரெண்டும் தொங்கும்.

துட்டு வரலன்னா மொதல்ல பாக்க வேண்டியது ஆதார் எந்த பேங்க்ல சேந்திருக்குன்னு. ஒருத்தருக்கு அஞ்சு அக்கவுண்ட் இருந்தாலும் ஆதார் வழியா வர்ற துட்டு கடைசியா சேத்த அக்கவுண்ட்லதான் விழும், குழு லோனுக்குன்னு எப்பவோ தொடங்கி மறந்துபோன அக்கவுண்ட்ல மாசக்கணக்கா கிடந்து பின்னாடி கண்டுபிடிச்சவங்களும் உண்டு. மினிமம் பேலன்ஸ் இல்ல, பழைய கடன் பாக்கின்னு சொல்லி பேங்க்ல இந்தத் துட்டப் பிடிச்சா 1100க்கு போன் போட்டு புகார் சொல்லுங்க, பிடிக்கக் கூடாதுன்னு அரசு சொல்லியிருக்கு.

பீடி சுத்துறவங்களுக்கு இன்னொரு தொல்லை, வருசக்கணக்கா இலைய உருட்டி உருட்டி விரல் ரேகை தேஞ்சிருக்கும், துட்டு எடுக்க கைரேகை மெஷின்ல வச்சா பொருந்தாது. வேற விரல் வச்சுப் பாருங்க, கையக் கழுவித் தொடச்சுட்டு வைங்க, அப்பவும் வரலன்னா ஏடிஎம் கார்டு கேட்டு வாங்கிருங்க, ஆதார் மையத்துல ரேகைய புதுசா பதிஞ்சுக்கிடவும் செய்யலாம்.

விண்ணப்பம் தள்ளுபடின்னு மெசேஜ் வந்தா 30 நாளுக்குள்ள இ-சேவை மையத்துல மேல்முறையீடு போடணும், அது கோட்டாட்சியருக்குப் போகும். கார் வித்தாச்சுன்னா ஆர்சி மாத்துன பேப்பர், மீட்டர் பிரிச்சாச்சுன்னா புது கரண்ட் பில், மவன் பேர நீக்கியாச்சுன்னா புது கார்டு காப்பி, எந்தக் காரணத்துக்குத் தள்ளுனாங்களோ அதுக்குரிய ஆதாரத்த கையோட கொண்டுபோங்க.