அம்மையும் ஓர்மையும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நினைவாற்றலை 'ஓர்மை' என்பார்கள். வயதான ஒருவர் கையில் இருக்கும் சாவியையே தேடவும், பேரனைத் தன் தம்பியின் பெயர் சொல்லி அழைக்கவும் தொடங்கிவிட்டால், 'ஓர்மை தப்பிப்போச்சு' என்று வீட்டார் சொல்லிக்கொள்வார்கள். தக்கலைக்கு அருகே வசிக்கும் என் மாமிக்கு, அதாவது அப்பாவின் அக்காளுக்கு, எழுபத்தாறாவது வயதில் அப்படித்தான் தொடங்கியது. அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பு அவருக்கு வலது விலாவில் அக்கி வந்திருந்தது.

மண்பாண்டம் வனையும் குடும்பத்து முதியவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, காவியை நீரில் குழைத்து, கோழி இறகால் தொட்டுத் தொட்டு அந்த அக்கியின் மேல் எழுதியதை நான் அருகில் நின்று பார்த்தேன். முதுகெலும்பை ஒட்டிய கொப்புளத்தில் தொடங்கிய செங்கோடு, விலாவைச் சுற்றி வந்து, வயிற்றின் நடுக்கோட்டில் சட்டென்று நின்றது. வலப்பக்கம் முழுக்கக் காவி பூசியிருக்க, இடப்பக்கத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை. 'இது நடுவரையத் தாண்டாது மக்களே' என்றார் அவர். காவியால் அக்கி ஆறாது. ஆனால் நடுவரையைப் பற்றி அவர் சொன்னது உடற்கூறியலின்படி சரி.

அக்கி தோலில் பிறக்கும் நோய் அன்று. சிறு வயதில் சின்னம்மை கண்டவருடைய நரம்பில் ஒளிந்திருக்கும் அதே வைரஸ், பல பத்தாண்டுகள் கழித்து விழித்தெழுவதுதான் அக்கி. அதன் பெயர் வேரிசெல்லா ஸோஸ்டர். நம் ஊரில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி, முத்துகள் இறங்கியபின் மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீரை மூன்று முறை தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீரோடு அம்மை வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்று முத்தாரம்மனுக்கு நேர்ந்ததைச் செலுத்துவார்கள். கொப்புளங்கள் போய்விட்டது உண்மைதான். ஆனால் தோலில் இருந்த வைரஸ்களில் சில, அங்கு வந்து முடியும் உணர்வு நரம்புகளின் நுனி வழியாக உள்ளே நுழைந்து, முதுகுத்தண்டின் இரு பக்கங்களிலும் வரிசையாக இருக்கும் நரம்பு முடிச்சுகளை அடைந்து, அங்குள்ள உயிரணுக்களின் கருவுக்குள் தம் மரபுப்பொருளை மட்டும் வைத்துவிட்டு அடங்கியிருக்கும். ஒவ்வொரு முடிச்சும் உடலின் ஒரு பக்கத்தில் ஒரு பட்டையளவு தோலுக்கு மட்டுமே பொறுப்பு. வயது ஏற ஏற, இவற்றைக் காவல் காக்கும் டி-செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் தளர்கின்றன. அப்போது ஏதாவது ஒரு முடிச்சில் வைரஸ் பெருகி, அந்த ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்குகிறது. அதனால்தான் அக்கி பட்டையாக வருகிறது, நடுவரையைத் தாண்டுவதும் இல்லை.

மாமிக்கு மறதி கூடியபோது, பக்கத்து வீட்டார் 'அக்கி வந்த பொறவுதான் புத்தி கலங்கிச்சு' என்றார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகத்தான் அதை நான் அன்று எடுத்துக்கொண்டேன். முதுமையில் அக்கியும் வரும், மறதி நோயும் வரும். ஒன்றையடுத்து மற்றொன்று வந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைப் படித்தபின், அந்தக் காக்கைக்கும் கொஞ்சம் பாரம் இருந்திருக்கக்கூடும் என்றே நினைக்கிறேன்.

வைரஸ் மூளையைக் கெடுக்கும் என்பது புதிய செய்தி அல்ல. மணல்வாரி எனப்படும் தட்டம்மை, அரிதாகச் சில குழந்தைகளிடம் பல ஆண்டுகள் மறைந்திருந்து மூளையை அழிக்கும் நோயாக வெளிப்படுவதும், சிகிச்சை பெறாத எச்ஐவி தொற்று சிந்தனையைக் குலைப்பதும் முன்பே அறிந்தவை. அல்சைமர் போன்ற மெதுவான மறதி நோய்க்கும் தொற்றுக்கும் உறவு உண்டா என்பதுதான் நெடுநாள் வழக்கு. மான்செஸ்டரில் ரூத் இட்ஸாக்கி என்ற ஆய்வாளர், உதட்டோரம் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸின் டி.என்.ஏ முதியோரின் மூளைகளில் இருப்பதை 1991இல் காட்டினார். ஏபிஓஇ-4 என்ற மரபணு வகை உடையவர்களின் மூளையில் அந்த வைரஸ் இருந்தால் அல்சைமர் ஆபத்து கூடுகிறது என்று 1997இல் எழுதினார். வைரஸ் மட்டும் இருப்பதோ மரபணு மட்டும் இருப்பதோ அவ்வளவு பெரிய ஆபத்தாகத் தெரியவில்லை. உலகில் 50 வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேரிடம் இந்த ஹெர்பிஸ் இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இத்தனை பேரிடம் இருக்கும் ஒன்றை நோய்க்குக் காரணம் என்பதா என்று பலர் சிரித்தார்கள். நீண்ட காலம் அந்தச் சிரிப்பே பதிலாகவும் இருந்தது.

அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்னும் புரதத்தை எல்லோரும் குப்பையாகவே கருதிவந்தார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் மோயரும் ருடால்ஃப் டான்ஸியும் அதற்கு ஒரு வேலை இருக்கக்கூடும் என்றார்கள். அது நுண்ணுயிர்களைப் பிடிக்கும் பொறி என்பது அவர்கள் கருத்து. ஹெர்பிஸ் வைரஸின் மேற்பரப்பில் அமிலாய்டு ஒட்டிக்கொண்டு, இழை இழையாக வளர்ந்து, அதைச் சிறைப்பிடிப்பதை அவர்களது குழு 2018இல் எலிகளிலும் ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலும் காட்டியது. குளச்சல் கடலில் மீன் பிடிக்கப் போட்ட வலை அறுந்து அடியில் தங்கிவிட்டால், அதை இழுத்துக் கரையேற்ற ஆள் இல்லாமல், அது பாட்டுக்கு மீனைச் சிக்கவைத்துச் சாகடித்துக்கொண்டே கிடக்கும். அமிலாய்டும் அப்படித்தான். ஒருமுறை வைரஸைப் பிடிக்க விரித்த வலை, முதுமையில் அள்ளி அகற்றப்படாமல் சேர்ந்து, நரம்பணுக்களுக்கே ஊறாகிறது என்று கொள்ளலாம். மூளையின் காவலர்களான மைக்ரோகிளியா என்ற செல்கள் அந்த இடத்தில் ஓயாமல் அழற்சியை மூட்டிக்கொண்டிருப்பது கேட்டை இன்னும் கூட்டுகிறது.

இதில் அக்கி எங்கே வருகிறது? அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மனித நரம்பணுக்களைக் கொண்டு சிறு மூளைத் திசு மாதிரிகளை வளர்த்து, அவற்றில் வேரிசெல்லாவை விட்டுப் பார்த்தார்கள். அது தனியாக அமிலாய்டைப் படியவைக்கவில்லை. ஆனால் திசுவில் ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருந்த ஹெர்பிஸை, அது மூட்டிய அழற்சி எழுப்பிவிட்டது. அதன் பிறகுதான் அமிலாய்டு படிந்தது. 2022இல் வெளியான இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் வைரஸ் மூளைக்குள் நேராகப் புகுந்தே தீர வேண்டும் என்ற தேவையை அது நீக்குகிறது. வேரிசெல்லா மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் சுவரையும் தாக்கக்கூடியது. அக்கி வந்த சில வாரங்களில், குறிப்பாகக் கண்ணைச் சுற்றி வந்தால், பக்கவாத ஆபத்து கூடுவது மருத்துவர்கள் அறிந்ததே. சிறு சிறு பக்கவாதங்களும் ஓர்மையைத் தின்னும்.

இத்தனையும் ஆய்வகக் கதை. மனிதரிடம் நடக்கிறதா என்று காட்ட, ஒரு கூட்டத்துக்கு அக்கித் தடுப்பூசி போட்டு மற்றதுக்குப் போடாமல் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வேல்ஸ் நாட்டில் அது தற்செயலாக நடந்துவிட்டது. அங்கே 2013 செப்டம்பர் 1ஆம் தேதி முதியோருக்கு அக்கித் தடுப்பூசி தொடங்கியபோது, அன்று 80 வயது நிறைந்தவர்களுக்கு அது இல்லை என்று விதித்தார்கள். ஆகவே 1933 செப்டம்பர் 2ஆம் தேதியோ அதற்குப் பின்போ பிறந்தவர் தகுதி பெற்றார். அதற்கு ஒரு வாரம் முன்னால் பிறந்தவருக்கு ஆயுள் முழுவதும் வாய்ப்பில்லை. ஒரு வார வித்தியாசத்தில் பிறந்த இரு கூட்டத்தாரின் உடல்நலமோ கல்வியோ பழக்கவழக்கமோ வேறாக இருக்க வழியில்லை. 2,80,000க்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து ஸ்டான்ஃபோர்டு குழு 2025 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கின்படி, ஏழு ஆண்டுகளில் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் மறதி நோய் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெண்களிடம் அந்தப் பலன் தெளிவாகவே கூடுதல்.

நம் மாவட்டத்து முதியோரைக் கொண்டு இப்படி ஒரு கணக்கை யாரும் போட்டுவிட முடியாது என்பதையும் சொல்லத் தோன்றுகிறது. 1933 செப்டம்பர் 2 என்பது திருவிதாங்கூரில் கொல்லம் 1109 ஆவணியின் நடுவில் வரும் நாள். அந்தத் தலைமுறையில் பலர் மழைக்காலம், கொடை விழா என்றுதான் பிறப்பைச் சொல்வார்கள். பள்ளிச் சான்றிதழிலோ சேர்த்த அன்று வாத்தியார் எழுதிய தேதி இருக்கும்.

வேல்ஸின் முடிவைப் படித்தவுடன், அப்படியானால் வைரஸுக்கான மாத்திரையைக் கொடுத்து மறதியை நிறுத்திவிடலாமே என்ற ஆசை வரும். அதைச் செய்தும் பார்த்தார்கள். தொடக்க நிலை அல்சைமரோடு ஹெர்பிஸ் தொற்றும் இருந்த 120 பேருக்கு வாலசைக்ளோவிரையோ போலி மாத்திரையையோ 78 வாரம் கொடுத்த சோதனையில், 2025இல் வந்த முடிவு ஏமாற்றமே. மருந்து எடுத்தவர்களின் ஓர்மை காக்கப்படவில்லை. இதனால் வைரஸ் கருத்தே பொய் என்று நான் முடிவு கட்டமாட்டேன். தீ மூட்டியவனைப் பிடித்துவிட்டதால் எரிகிற கூரை அணைந்துவிடாது. அமிலாய்டு படியத் தொடங்குவது மறதி வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே. தடுப்பூசி அக்கியைத் தடுத்ததால் உதவியதா, அல்லது நோயெதிர்ப்பு மண்டலத்தையே பொதுவாகத் தட்டி எழுப்பியதால் உதவியதா என்ற விவாதமும் ஆய்வாளர்களிடையே முடிவுக்கு வரவில்லை. கோவிட் தொற்றுக்கு முன்னும் பின்னும் பிரிட்டனில் எடுத்த மூளைப் படங்களில், தொற்று வந்தவர்களிடம் வாசனையோடும் நினைவோடும் தொடர்புடைய பகுதிகள் சற்றுக் கூடுதலாக மெலிந்திருந்ததும் இந்த வழக்கில் சாட்சிதான். ஆனால் அது மறதி நோய் அன்று.

வேல்ஸில் அன்று போட்டது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. இப்போது பெரும்பாலும் பயன்படுவது வைரஸின் ஒரு புரதத்தை மட்டும் கொண்ட, இரண்டு தவணைகளில் போடும் ஊசி. அது இந்தியாவிலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கிடைக்கிறது. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லாததால் பல ஆயிரம் ரூபாய் செலவாகும். அக்கியின் எரிச்சலையும், ஆறியபின் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலியையும் தடுப்பதற்காகவே அதைப் பரிந்துரைக்கிறார்கள். ஓர்மையைக் காக்கும் என்று சொல்லி அதை விற்க இன்னும் யாருக்கும் அனுமதி இல்லை.

அக்கி வந்துவிட்டால், கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்குவது மருத்துவ வழக்கம். மாமியை நாங்கள் ஆறாம் நாள் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். காய்ந்து வெடித்திருந்த காவியை ஈரப் பஞ்சால் துடைத்தெடுத்துவிட்டு, அடியில் இருந்த கொப்புளங்களைப் பார்த்தபடியே அவர் கேட்டார்: 'அம்மா, இது எந்தக் கிழமை வந்துச்சு?' அப்போது மாமிக்கு ஓர்மை நன்றாக இருந்தது. வந்த நாளையும் நேரத்தையும் சரியாகச் சொன்னார்.