கோப்பைகளைத் தாண்டிக் கேளுங்கள்: மகளைக் கல்லூரி வாலிபால் அணியில் சேர்க்கவிருக்கும் பெற்றோருக்கு

பள்ளிப் படிப்பு முடியும் பருவத்தில் என்னிடம் வரும் பெற்றோர் பலர் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். மகள் நன்றாக வாலிபால் ஆடுகிறாள், இரண்டு மூன்று கல்லூரிகள் அழைத்திருக்கின்றன, எதில் சேர்க்கலாம்? விளையாட்டு வீராங்கனைகளுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் என்பதால் எல்லா அணிகளின் உள்விவரமும் எனக்குத் தெரியும் என்று நம்பி வருகிறார்கள். அந்த அணியில் போன வருடம் அடிபட்ட பெண் இப்போது என்ன செய்கிறாள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். அனேகமாக யாருக்கும் தெரிவதில்லை. கல்லூரி வென்ற கோப்பைகள் தெரியும், பயிற்சியாளரின் பெயர் தெரியும், கட்டணத்தில் எவ்வளவு குறைப்பார்கள் என்பது ரூபாய் பைசா சுத்தமாகத் தெரியும். காயம்பட்டவளைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

மூன்று நான்கு வருடம் ஓர் அணியில் தீவிரமாக ஆடும் பெண்ணுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் காயம் வரத்தான் செய்யும். அந்த நேரத்தில் அந்தக் கல்லூரி அவளை எப்படி நடத்தும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வதுதான் கல்லூரித் தேர்வில் முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பெண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.24 மீட்டர். அதற்கு மேலே கை எட்ட வேண்டுமானால் தாவ வேண்டும். ஒரே பயிற்சி நேரத்தில் நூறு தாவல்களைத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம். தாவுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். எதிரணியினரின் பாதம் நடுக்கோட்டை மிதித்துக் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தாலும், அதன் ஒரு பகுதி கோட்டின் மேல் இருக்கும் வரை ஆட்ட விதி அதைத் தவறாகக் கொள்வதில்லை. எதிரணியின் அடியை வலைமேல் தாவிக் கைகளால் மறித்துவிட்டு (பிளாக்) இறங்குபவள் அந்தப் பாதத்தின் மீது கால் வைக்கிறாள், கணுக்கால் உள்பக்கமாக மடிகிறது. வாலிபாலில் மிக அதிகமாக நிகழும் திடீர்க் காயம் இதுதான். சுளுக்குதானே என்று ஒரு வாரம் கட்டுப் போட்டுவிட்டுத் திரும்ப ஆட அனுப்பினால் அதே கணுக்கால் மறுபடி மடிவதற்கு வாய்ப்பு அதிகம். சமநிலைப் பலகைப் பயிற்சியும் சிறிது காலம் கணுக்கால் உறையும் அந்த வாய்ப்பை நன்றாகவே குறைக்கும். எனவே கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, சுளுக்கிய பெண்ணை எத்தனை நாளில் ஆட விடுகிறீர்கள் என்று கேட்காதீர்கள். எதைப் பார்த்து ஆட விடுகிறீர்கள் என்று கேளுங்கள். 'ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வோம், தாவச் சொல்வோம், இரண்டு காலையும் ஒப்பிடுவோம்' என்று பதில் வந்தால் அங்கே விஷயம் தெரிந்த ஆள் இருக்கிறார்.

முழங்கால் இதைவிடப் பெரிய கவலை. ஏசிஎல் என்கிற முழங்கால் ஜவ்வு கிழிவது, தாவி இறங்கும் ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். இடுப்பின் அமைப்பு, தொடைத் தசைகளின் வலு, இறங்கும் விதம் எல்லாம் சேர்ந்த விளைவு அது. இதில் நம்மால் மாற்ற முடிந்தது வலுவையும் இறங்கும் விதத்தையும். ஜவ்வு கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண் 9 மாதங்களுக்குள் களத்துக்குத் திரும்பினால் மீண்டும் கிழியும் அபாயம் கூடுகிறது. முக்கியமான போட்டி வருகிறது என்பதற்காக ஆறாவது மாதத்தில் இறக்கிவிடும் அணிகள் இருக்கின்றன. அப்படி இறக்கப்பட்டு, இரண்டாவது முறை கிழிந்த காலோடு என்னிடம் வருகிற பெண்களின் முகத்தைப் பார்ப்பது எனக்கு இன்றும் கடினமாகத்தான் இருக்கிறது.

அழைப்பு விடுத்த கல்லூரியில் ஒரு மாலை முழுக்கப் பயிற்சியைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஆட்டத்தை விட்டுவிட்டு, ஸ்பைக் அடித்து, அதாவது தாவி எழுந்து பந்தை எதிர்ப்பக்கம் ஓங்கி அடித்து இறங்கும் பெண்களின் முழங்கால்களை மட்டும் கவனியுங்கள். வலது கையால் அடிப்பவர்களில் பலர் இடது காலை மட்டும் ஊன்றி இறங்குவார்கள். இறங்கும் கணத்தில் அந்த முழங்கால் பாதத்துக்கு நேராக மடிகிறதா, உள்பக்கமாகச் சரிகிறதா? சரிந்தால், பயிற்சியாளர் அதைப் பார்த்து ஏதாவது சொல்கிறாரா, அல்லது பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதோடு விட்டுவிடுகிறாரா? ஆரம்பத்தில் கை காலை உதறிவிட்டு நேரே ஸ்பைக் வரிசையில் நிற்கிறார்களா, அல்லது பதினைந்து இருபது நிமிடம் தாவி இறங்கும் முறை, தொடைப் பின்தசை, இடுப்புத் தசை என்று ஒழுங்காகச் செய்கிறார்களா? இதைப் பார்க்க விளையாட்டு அறிவு தேவையில்லை, பொறுமை போதும்.

தோளையும் சொல்ல வேண்டும். ஸ்பைக்கராக ஆடும் பெண்ணை முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி, அடிக்கும் கைப்பக்கத் தோள்பட்டை எலும்பைப் பார்ப்பேன். அந்த எலும்பின் நடுவே குறுக்காக ஓடும் மேட்டுக்குக் கீழே சதை நிரம்பியிருக்க வேண்டிய இடத்தில் சிலருக்கு விரல் பதியும் அளவுக்குக் குழி இருக்கும். அங்குள்ள தசைக்குப் போகும் நரம்பு, அடித்து அடித்து, இழுபட்டு இழுபட்டு நலிந்து, தசை வற்றிப்போயிருக்கும். வலி இருப்பதில்லை என்பதுதான் இதில் மோசம். பெண்ணுக்கும் தெரியாது, பயிற்சியாளருக்கும் தெரியாது. வருடத்துக்கு ஒரு முறையாவது அணி முழுவதையும் நிற்கவைத்துப் பரிசோதிக்கும் கல்லூரியில்தான் இது கண்ணில் படும்.

முதல் இரண்டு மாதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளியில் வாரத்துக்கு மூன்று நாள் ஆடியவள் கல்லூரியில் சேர்ந்த மறுவாரமே காலையும் மாலையும் ஆறு நாள் ஆடுகிறாள். கூடவே விடுதிச் சாப்பாடு, புது இடத்தில் குறைந்த தூக்கம். முட்டிச் சிப்பிக்குக் கீழே வலி, கணைக்கால் எலும்பில் வலி என்று என்னிடம் வரும் முதலாம் ஆண்டு மாணவிகளில் பெரும்பாலோரின் கதை இதுதான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தாவல்களைப் படிப்படியாகக் கூட்டுகிறோம் என்று பயிற்சியாளர் சொன்னால் அந்த ஒரு பதிலுக்காகவே அவருக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

அடுத்தது, பெற்றோர் பேசத் தயங்கும் விஷயம். மகளின் மாதவிடாய். கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோவது இயல்புதான், அது நல்ல உடல்தகுதிக்கு அடையாளம் என்றுகூடச் சில அணிகளில் இன்னும் சொல்கிறார்கள். இது முழுத் தவறு. செலவாகும் சக்திக்கு ஏற்ற உணவு உடலுக்குக் கிடைக்கவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. இந்தச் சக்திக் குறைபாட்டைப் பற்றிச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் விரிவான மருத்துவ அறிக்கை வெளியிட்டு, 2018-இலும் 2023-இலும் அதைப் புதுப்பித்தது. எலும்பு மெலிவது, எலும்பில் விரிசல் விழுவது, அடிக்கடி காய்ச்சல், மனச்சோர்வு என்று அதன் பாதிப்பு உடல் முழுக்கப் பரவும். தொடர்ந்து மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லையென்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். வீராங்கனைகளை வரிசையில் நிறுத்தி, எல்லோர் முன்னிலும் எடை பார்த்து, எண்ணை உரக்கப் படிக்கும் வழக்கம் ஒரு கல்லூரியில் இருக்கிறது என்று தெரிந்தால், அங்கே எத்தனை கோப்பை இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அணிக்கு உணவு ஆலோசகர் இருக்கிறாரா, மாதவிடாய் பற்றிப் பேசக்கூடிய பெண் ஊழியர் ஒருவராவது இருக்கிறாரா என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள்.

உயரமான பெண் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பகுதியைக் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டுகிறேன். அமெரிக்காவின் ஃப்ளோ ஹைமன், 6 அடி 5 அங்குல உயரம், தன் காலத்தின் தலைசிறந்த ஸ்பைக்கர்களில் ஒருவர். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்கான உதவித்தொகை பெற்ற முதல் பெண் அவர்தான். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியின் நட்சத்திரம். 1986 ஜனவரியில் ஜப்பானில் ஓர் ஆட்டத்தின் நடுவே மாற்றப்பட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சரிந்து இறந்துபோனார். வயது 31. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி கிழிந்திருந்தது. பிரேதப் பரிசோதனைக்குப் பிறகுதான் அவருக்கு மார்ஃபான் என்னும் மரபணு நோய் இருந்தது தெரியவந்தது. அந்த நோய் இருப்பவர்கள் உயரமாக, நீண்ட கைவிரல்களோடு இருப்பார்கள். பல வருடம் உயர்மட்டத்தில் ஆடியும் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

உயரமாக இருப்பவர்களுக்கெல்லாம் இந்த நோய் இருக்கும் என்று பயப்பட வேண்டாம். இது அரிய நோய். ஆனால் விரித்த கைகளின் நீளம் உயரத்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகம், நெஞ்செலும்பு உள்ளே குழிந்தோ வெளியே துருத்தியோ இருக்கிறது, கடுமையான கிட்டப்பார்வை, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் - இவற்றில் சில சேர்ந்திருந்தால் அணியில் சேருமுன் இதய நிபுணரிடம் காட்டி எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்துவிடுங்கள். சேர்க்கையின்போது கல்லூரி கேட்கும் உடல்தகுதிச் சான்றிதழில் முத்திரை மட்டும் போதுமா, அல்லது குடும்ப வரலாறு கேட்டு நெஞ்சில் கருவி வைத்துப் பார்த்த பரிசோதனை வேண்டுமா என்பதைக் கொண்டே அந்த நிர்வாகத்தின் அக்கறையை அறியலாம்.

சிகிச்சை அறையையும் நேரில் பாருங்கள். கதவு எப்படி, உள்ளே யார் இருப்பார்கள், மாணவி விரும்பினால் தோழியை உடன் வைத்துக்கொள்ளலாமா, புகார் செய்ய அணிக்கு வெளியே ஆள் இருக்கிறாரா? அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்திலும் தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் அணியிலும் மருத்துவராக இருந்த லாரி நாசருக்கு எதிராக 2018-இல் நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் வாக்குமூலம் தந்தார்கள். சிகிச்சை என்ற பெயரில்தான் அத்தனை பாலியல் அத்துமீறல்களும் நடந்தன. நல்ல மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ இந்தக் கேள்விகளால் மனம் நோக மாட்டார். என்னிடம் யாராவது கேட்டால் எனக்கு நிம்மதியாகவே இருக்கும்.

ஆடுகளத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. கோட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் குறைந்தது 3 மீட்டர் காலியிடம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பந்தை எடுக்கப் பின்னால் ஓடும் பெண் சுவரில் மோதாமலிருக்க அந்த இடம் அவசியம். கம்பங்களுக்கு மெத்தை உறை இருக்கிறதா, தரை சிமெண்டா மரமா என்பதையும் பார்த்துவிடுங்கள். பாய்ந்து விழுந்து பந்தெடுக்கும் லிபரோவாக உங்கள் மகள் ஆடினால் தரைதான் அவளுக்கு முதல் கேள்வி.

அவள் ஆடும் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பைக்கருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் ஒருவரை மட்டுமே வைத்து ஆடும் அணியில், முதல் செட்டர் இரண்டாம் ஆண்டு மாணவி என்றால், புதிதாகச் சேரும் செட்டர் நெடுநாள் பெஞ்சில் காத்திருக்க வேண்டிவரும்.

கடைசியாகப் பணம். கட்டணச் சலுகையும் விடுதி அறையும் ஆடும் வரைக்கும் மட்டுமா, அடிபட்டு ஒரு வருடம் ஆட முடியாமல் போனாலும் தொடருமா? அறுவைச் சிகிச்சைக்கும் அதன் பிறகான மாதக்கணக்கான பயிற்சிக்கும் யார் செலவு செய்வார்கள்? காப்பீடு எதுவரை தாங்கும்? சிகிச்சை நாட்களுக்கு வருகைப்பதிவு கிடைக்குமா, தவறவிட்ட தேர்வை மறுபடி எழுதலாமா? 'அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்' என்று பயிற்சியாளர் அன்போடு சொல்லலாம், மனதாரவும் சொல்லலாம். ஆனால் இரண்டு வருடம் கழித்து அவர் வேறு கல்லூரிக்கு மாறிப் போயிருக்கலாம். கேட்டதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதி, கல்லூரி அலுவலகத்திலிருந்து எழுத்தில் பதில் வந்த பிறகு முதல் தவணையைக் கட்டுங்கள்.