கசடு எரித்த சாம்பலைக் கொட்டினால்: மனு போடும் முன் தெரிய வேண்டியவை

ஏரிக்கரையிலோ பக்கத்துப் பள்ளத்திலோ டிப்பர் வந்து சாம்பல் கொட்டிவிட்டுப் போனால், புகார் சொல்லப் போகிறவரிடம் முதலில் சொல்லப்படுவது, "நிலக்கரிச் சாம்பல்தானே, செங்கல்லுக்கே வாங்கிட்டுப் போறாங்க." இந்த ஒரு வரியில் மடங்கித் திரும்பிய விவசாயிகளைப் பார்த்திருக்கிறேன். ஆலைக் கொதிகலனில் நிலக்கரியோடு சாக்கடைக் கசடோ டேனரிக் (தோல் பதனிடும் ஆலை) கசடோ சேர்த்து எரித்திருந்தால் விஷயமே வேறு. அழுக்கு எரியும், உலோகம் எரியாது. பாதரசம் பெரும்பாலும் புகையோடு போய்விடும். ஈயம், காட்மியம் நுண்சாம்பலில் படியும். குரோமியம் சாம்பலிலேயே தங்கும். சுண்ணாம்பும் காற்றும் சேர்ந்த சூட்டில் அதில் ஒரு பகுதி தண்ணீரில் கரையும், நச்சான ஹெக்சாவேலன்ட் குரோமியமாக மாறலாம். மழைக்கு மறுநாள் குவியலடியில் மஞ்சளாகக் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் தேதி தெரியும்படி படம் எடுங்கள். லாரி எண்ணும் வேண்டும்.

இதற்கான சட்டம் 2016-ஆம் ஆண்டு அபாயகரமான கழிவு விதிகள். பொறுப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடையது.

வி.ஏ.ஓ. "பொல்யூஷன் ஆபீஸ் போங்க" என்பார். அங்கே "பட்டா நிலம், கலெக்டர்தான்" என்பார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்று மனுவை முடித்து வைப்பார்கள். அனுப்பியது எப்படித் தீர்வாகும்? அதனால் வாரிய அலுவலகம், கலெக்டர் அலுவலகம் இரண்டிலும் ஒரே நாளில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வேலூர்ப் பக்கத்து ஊர் என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: 2019-ல் வேலூர் மூன்று மாவட்டமானது. பழைய பத்திரத்தில் "வேலூர்" என்றிருந்தாலும் உங்கள் ஊர் இப்போது ராணிப்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ இருக்கலாம். அதைப் பார்த்து முகவரி எழுதுங்கள். சர்வே எண் இல்லாத மனு அப்படியே திரும்பி வரும்.

மனுவில் "நாற்றம், தூசு" என்று மட்டும் எழுதாதீர்கள். "கசடு கலந்து எரித்த சாம்பல் என்று சந்தேகம்; டி.சி.எல்.பி. சோதனையும் ஹெக்சாவேலன்ட் குரோமியம் சோதனையும் தேவை" என்று எழுதுங்கள். டி.சி.எல்.பி. என்பது கழிவிலிருந்து நச்சு எவ்வளவு கரைந்து கசியும் என்று பார்க்கும் சோதனை. மாதிரி எடுக்கும்போது கூடவே நில்லுங்கள். மழையில் கழுவிப்போன மேல்தோலைச் சுரண்டி எடுத்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். நீங்களே தனியார் லேபில் கொடுத்த முடிவு வாரியத்தை அசைக்க உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி வழக்குக்குப் போகாதீர்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது அடுத்த இடத்தில். அறிக்கை வரும், "வரம்புக்குள் உள்ளது" என்று. எந்த வரம்பு? டி.சி.எல்.பி. சோதனையில் குரோமியம் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை போகலாம். குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு 0.05 மில்லிகிராம். நூறு மடங்கு வித்தியாசம். சாம்பல் தேறியதாலேயே உங்கள் கிணறு தேறிவிடாது. கிணற்று நீரைத் தனியாகச் சோதிக்கச் சொல்லி இன்னொரு மனு கொடுங்கள். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் குரோமியம் போகாது.

கூடவே 10 ரூபாய் கட்டி தகவல் உரிமை மனு போடுங்கள். சாம்பல் வந்த ஆலையின் இசைவாணை (ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதி) நகல், கொதிகலனில் எரிக்க அனுமதித்த எரிபொருள், கழிவு எடுத்துச் சென்ற வண்டிகளின் படிவம் 10 (கழிவு ஏற்றிய விவரச் சீட்டு) நகல்கள், இவை மூன்றும் போதும். இசைவாணையில் கசடே இல்லை என்றால் வேலை பாதி முடிந்தது. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

பள்ளத்தை மேடாக்க இலவச சாம்பல் தருகிறோம் என்று ஆள் வந்தால், "என் விருப்பத்தின் பேரில்" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் அதைத்தான் உங்கள் முன் நீட்டுவார்கள்.

பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதானால் நாள் கணக்கு முக்கியம். கொட்டியதைத் தடுக்க, அகற்றச் சொல்ல 6 மாதம். இழப்பீட்டுக்கு 5 ஆண்டு; அதுவும் பாதிப்பு முதலில் தொடங்கிய நாளிலிருந்து. வாரியத்தில் மனு நிலுவையில் இருக்கிறது என்பதால் இந்தக் கணக்கு நிற்காது. மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் வேலூர் டேனரி வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. குத்தகைக்குப் பயிர் செய்கிறவரும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் அதற்கு ஆதாரமாக அடங்கலில் (வி.ஏ.ஓ. வைத்திருக்கும் பயிர்ப் பதிவேடு) உங்கள் பெயரும் பயிரும் ஏறியிருக்க வேண்டும். பயிர் நிலத்தில் நிற்கும்போதே அந்த நகலை வி.ஏ.ஓ.விடம் வாங்கிவிடுங்கள், அறுத்த பிறகு போனால் "இப்ப நிலம் தரிசுதானே" என்பார்.