ரிலையபிலிட்டி: நம்பகத்தன்மையா, தளம்பாமையா?

யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படிக்கிற என் பெறாமகள் போன கிழமை வட்சப்பில் கேட்டாள்: "சித்தப்பா, ரிலையபிலிட்டிக்குத் தமிழில என்ன போடுறது? மூளையின்ர ரத்தக்குழாய்கள் எப்பிடி வேலை செய்யுது எண்டு எம்.ஆர்.ஐ.யால அளக்கிறதைப் பற்றி எழுதிறன்." நம்பகத்தன்மை என்று உடனே பதில் போட்டேன். போட்ட பிறகுதான் அது போதாது என்று பட்டது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் 'திரும்பவும் கட்டுதல்' என்ற பொருளுள்ள வினை. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து, ஒருவரைச் சார்ந்திருத்தல் என்று பொருள் மாறியது. நம் 'நம்பு'வும் இடம் மாறிய சொல்தான். தொல்காப்பியம் அதற்கு 'நசை', அதாவது விருப்பம் என்றுதான் பொருள் சொல்கிறது. இன்று நம்புதல் என்றால் மெய்யென்று கொள்ளுதல். சிக்கல் இங்கேதான்: 'இந்த ஸ்கானின் நம்பகத்தன்மை குறைவு' என்று எழுதினால் ஸ்கான் பொய் சொல்கிறது என்று வாசிக்கிறவர் எடுத்துக்கொள்வார். அளவீட்டுத் துறையில் இந்தச் சொல் கேட்பது வேறு கேள்வி: அதே ஆளை, அதே முறையில் திரும்ப அளந்தால் அதே எண் வருமா?

அம்மாவுக்கு வீட்டில் பிறசர் பார்க்கிறபோது முதலில் 158 வரும், ஐந்து நிமிடம் கதிரையில் இருத்திவிட்டுப் பார்த்தால் 144. மெஷின் பழுதாகிவிட்டது என்பா. மெஷின் சரிதான், கிணற்றடியிலிருந்து வேகமாக நடந்து வந்ததில் ஏறின பிறசர்தான் இருந்ததும் இறங்கியிருக்கிறது. மூளைக் குருதிக்கலன்களை அளக்கும்போதும் இதே கதைதான், ஆனால் இன்னும் சிக்கலாக.

அங்கே அளக்கப்படுவது ஆங்கிலத்தில் செரிப்ரோவாஸ்குலர் ரியாக்டிவிட்டி. 'தூண்டலும் துலங்கலும்' என்று நாங்கள் பள்ளியில் படித்ததை வைத்து இதை 'மூளைக் குருதிக்கலன் துலங்கல்' என்று சொல்லலாம், எனக்கு அது பிடித்திருக்கிறது. கீரிமலைக் கேணியில் சிறுவர்கள் மூச்சை அடக்கிச் சுழியோடும்போது குருதியில் காபனீரொட்சைட்டு ஏறுகிறது, உடனே மூளையின் சிறு நாடிகள் விரிந்து அதிகக் குருதியை விடுகின்றன. ஸ்கானுக்குள்ளும் அப்படித்தான் மூச்சை அடக்கச் சொல்வார்கள், அல்லது காபனீரொட்சைட்டு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுப்பார்கள், கலன்கள் எவ்வளவு விரிகின்றன என்று பார்ப்பார்கள்.

ஆனால் எம்.ஆர்.ஐ. விரிவை நேரே காண்பதில்லை. ஒட்சிசனை இழந்த ஈமோகுளோபின் பக்கத்துக் காந்தப்புலத்தைக் கலைக்கும், புதுக் குருதி வந்தால் அந்தக் கலைப்புக் குறைந்து சமிக்ஞை கூடும். 1990இல் செய்ஜி ஒகாவாவும் கூட்டாளிகளும் காட்டிய போல்ட் முறை இதுதான். சமிக்ஞை கூடுவது சில சதவீதம் மட்டுமே. தலை கொஞ்சம் அசைந்தாலே அது மறைந்துவிடக்கூடும். மூளைக்குள்ளே நரம்பிழைகள் ஓடுகிற வெண்சடப்பொருளில் குருதி குறைவு, அதனால் அங்கே சமிக்ஞையும் மெலிது, எண்ணும் அதிகமாகத் தளம்பும்.

அளக்கப்படுகிற கலனே நாளுக்கு நாள் மாறுவது இன்னொரு பக்கம். காலையில் குடித்த கோப்பியின் கஃபீன் மூளை நாடிகளைச் சுருக்கும், மூச்சை அடக்கும் நேரம் இன்று ஒன்று, நாளை ஒன்று. ஆகவே இரண்டு எண்கள் வேறுபட்டால் கருவி தளம்பியதா, கலன் தளம்பியதா என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

'தளம்பல்' என்ற சொல்லை இங்கே நான் வேண்டுமென்றேதான் எடுக்கிறேன். விலைத் தளம்பல் என்கிறோம், நிறைகுடம் தளம்பாது என்கிறோம். ரிலையபிலிட்டியின் உள்ளர்த்தம் அதுதான்: மீளளவில் தளம்பாமை. கருவி எப்போதும் ஒரே அளவு கூடக் காட்டினாலும் அது தளம்பாததுதான், ஆனால் சரியானது இல்லை, அதனால் இதைத் துல்லியம் என்று எழுதுவதும் பிழை.

ஆய்வுக் கட்டுரைகளில் இதை ஐ.சி.சி. (இன்ட்ராகிளாஸ் கோரிலேஷன் கோஎபிஷியன்ட்) என்ற எண்ணால் சொல்வார்கள். ஆட்களிடையே உள்ள உண்மையான வேறுபாடு மொத்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு என்பதே அது. 0.75க்கு மேல் போனால் நல்லது என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு. இதில் பலர் கவனிக்காத ஒன்றுண்டு. எல்லோரும் ஒரே வயதுடைய, சுகமான பல்கலைக்கழகப் பிள்ளைகள் என்றால் அவர்களுக்கிடையே வேறுபாடே குறைவு, அதனால் கருவி அதே கருவியாக இருந்தும் ஐ.சி.சி. விழும். பாரிசவாதம் வந்தவர்களையும் சேர்த்து அளந்தால் அதே கருவிக்கு எண் ஏறும். ஆகவே யாரை அளந்தார்கள் என்று தெரியாமல் அந்த எண்ணை மட்டும் வாசிக்கக் கூடாது.

பெறாமகளுக்குத் திரும்ப எழுதினேன்: சொல் நம்பகத்தன்மை என்றே இருக்கட்டும், பரீட்சைத் தாளிலும் அதுதான் வரும். முதல் தடவை எழுதும்போது மட்டும் பக்கத்தில் 'மீளளவில் தளம்பாமை' என்று போடு, கோப்பி குடித்தார்களா என்று கேட்ட விவரத்தையும் விட்டுவிடாதே.