செக் என்ஜின் விளக்கு எரிகிறதா? சென்சார் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

போன மாதம் ஒருவர் பத்து வருடம் ஓடிய பெட்ரோல் காரோடு வந்தார். மீட்டரில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரிந்தது. வேறோர் இடத்தில் ஸ்கேன் செய்து, பி0171 என்று கோடு (பழுதைக் குறிக்கும் எண்) வந்ததும், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றியிருந்தார்கள். நான்கு நாள் விளக்கு எரியவில்லை. அப்புறம் அதே கோடு.

பானெட்டைத் திறந்து இன்டேக் (என்ஜினுக்குள் காற்று போகும் வழி) பக்கம் போகும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் வளைத்துப் பார்த்தேன். என்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரிலிருந்து வரும் ஹோஸ் மேலே பளிச்சென்று இருந்தது. வளைவின் அடியில் நகம் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. அதை மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது. சென்சாருக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அந்தப் பிளவு வழியாகத்தான் கூடுதல் காற்று போனது. சென்சார் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. காய்ச்சல் 102 என்று காட்டினால் தெர்மாமீட்டரையா மாற்றுவோம்?

வீட்டிலேயே நிறையப் பார்க்கலாம். முதலில் நிறம். ஆயில் கேன் படமோ, டெம்பரேச்சர் படமோ சிவப்பாக எரிந்தால் ஓரங்கட்டி என்ஜினை உடனே அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல ஓடினால் பதற வேண்டாம். அதுவே மின்னினால் என்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். பெரிய செலவு அது. வேகத்தைக் குறைத்து நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது பேட்டரி. என்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட்டும், ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரையும் இருக்க வேண்டும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தாலோ எர்த் வயர் தளர்ந்திருந்தாலோ சம்பந்தமில்லாத கோடுகள் வரிசையாக வரும். எலி கடித்த வயரும் அப்படித்தான். சில நாள் எடுக்காமல் நின்ற வண்டி என்றால் முதலில் எலியைத்தான் சந்தேகப்படுவேன். வாட்டர் வாஷ் செய்த மறுநாள் மிஸ்ஸிங் வந்தால் பிளக் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்.

நம் நாட்டில் 2013 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்-4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) கார்களில் ஓபிடி-2 உண்டு. வண்டி தன் பழுதைத் தானே கண்டுபிடித்துக் கோடாகச் சொல்லும் அமைப்பு அது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகினால் ஃபோனிலேயே கோடு தெரியும். அதற்கு முந்தைய வண்டிகளில் சாக்கெட் இருந்தாலும் சாதாரண ஸ்கேனர் எல்லாவற்றோடும் பேசாது.

கோடு தெரிந்ததும் அழித்துவிடாதீர்கள், தயவுசெய்து. கோடு பதிவான நொடியில் என்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில், எவ்வளவு சூட்டில் இருந்தது என்பது ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பி0171 வந்தால் ஸ்கேனர் ஆப்பின் லைவ் டேட்டாவில் ஃப்யூயல் ட்ரிம் பாருங்கள். கலவையைச் சரிசெய்ய என்ஜின் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில், கூடக்குறைய பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஐடிலில் 20க்கு மேல் ஏறி, 2500 ஆர்பிஎம் வைத்துப் பிடிக்கும்போது இறங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது, ஹோஸ்களைத் தேடுங்கள். ரேஸ் செய்தும் இறங்காமல் இன்னும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டர், பம்ப் பக்கம் போக வேண்டும்.

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். ஒவ்வொரு பிளக்குக்கும் தனியாக ஒரு காயில் (பிளக்கில் தீப்பொறி வர கரண்ட் கொடுப்பது) இருக்கும் வண்டியா? என்ஜினை அணைத்து, ஆறியதும் முதல் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போடுங்கள். இந்த ஒரு தடவை மட்டும், குறித்து வைத்த பிறகு கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். அடுத்து பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடி பி0301 என்றே வந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் லைனைக் கழற்றும் வேலையை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். என்ஜினை அணைத்த பிறகும் அதில் பிரஷர் நிற்கும். சூடான மேனிஃபோல்ட் மேல் பீய்ச்சினால் தீப்பிடிக்கும். அங்கே வந்ததும் ஸ்க்ரீன்ஷாட்டோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிடுங்கள். விளக்கு எரிவதற்கு முந்தைய வாரம் வண்டியில் என்ன வேலை நடந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.