பர்சனல் பிராண்ட்: முத்திரையும் பெயரும்

‘பர்சனல் பிராண்ட்’ என்ற சொல் இன்று குமரி மாவட்டத்து யோகா வகுப்புகளிலும் வர்ம வைத்தியசாலைகளிலும், பேறுகாலப் பராமரிப்பைத் தொழிலாகச் செய்யும் பெண்களிடையேயும் புழங்குகிறது. “உங்கள் பிராண்டை நீங்கள்தான் வளர்க்க வேண்டும்” என்று தொழில் பயிற்சிகளில் சொல்லித்தருகிறார்கள். கேட்டுவிட்டு வருகிறவர் முதல் வேலையாக லோகோ வரையப் பணம் கொடுக்கிறார். சொல்லுக்குச் சரியான பொருள் தெரிந்திருந்தால் அந்தப் பணம் வேறு எதற்காவது உதவியிருக்கும்.

பிராண்ட் என்பது பழைய ஜெர்மானிய மொழிக் குடும்பத்துச் சொல். எரிதல், கொள்ளிக்கட்டை என்பவையே அதன் முதற்பொருள். பிறகு ஆங்கிலத்தில், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இட்ட தழும்பையும் அது குறித்தது. மாட்டின் தொடையில் சூடு போட்டார்கள். மரப்பீப்பாயின் பலகையில் போட்டார்கள். குற்றவாளிகளின் உடம்பிலும் அடிமைகளின் உடம்பிலும்கூடப் போட்டார்கள். இந்தச் சொல்லின் வரலாற்றில் அந்தக் கொடுமையும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் சரக்குகள் பொட்டலமாகவும் புட்டியாகவும் தொலைதூரக் கடைகளுக்குப் போகத் தொடங்கியபோது, செய்தவர் யார் என்று காட்டும் அடையாளத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அதை மனிதர்மேல் ஏற்றிப் பரப்பியவர்களில் முக்கியமானவர் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க மேலாண்மை எழுத்தாளர். ஒவ்வொருவரும் தம்மையே ஒரு பிராண்டாகக் கருதி வளர்க்க வேண்டும் என்று 1997இல் ஓர் இதழ்க்கட்டுரையில் எழுதினார்.

உடன் வரும் ‘வெல்னஸ்’ என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருந்த அதற்கு, 1950களின் இறுதியில் ஹால்பர்ட் டன் என்ற அமெரிக்க மருத்துவர் இன்றைய பொருளைக் கொடுத்தார். நோய் இல்லாதிருப்பதோடு நில்லாமல், உடலும் மனமும் மேன்மேலும் செழிப்பதை அவர் அந்தச் சொல்லால் குறித்தார். நமக்கு ‘நலம்’ என்ற சொல் போதும். ‘நல்வாழ்வு’ அரசின் மருத்துவத் துறைப் பெயரில் இடம்பிடித்துவிட்டதால், தொழிலைச் சொல்லும்போது ‘நலம் பேணும் தொழில்’ என்பது குழப்பமில்லாதது.

பிராண்டுக்கு நேர்ச்சொல் தேடினால் தமிழில் பஞ்சமே இல்லை. எதை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். ‘சூட்டுக்குறி’ வேர்ப்பொருளுக்கு மிக நெருக்கமானது, ஆனால் எந்தத் தொழில்முனைவோரும் தம்மேல் ஏற்க மாட்டார். ‘பொறி’ அழகான பழஞ்சொல். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சரக்குகளின்மேல் சோழரின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆனால் அது அரசின் சுங்க அடையாளம். செய்தவரின் அடையாளம் அன்று. இன்றைக்குப் பொறி என்றால் இயந்திரமும் எலிப்பொறியும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘இலச்சினை’ லோகோவுக்குப் பொருந்தும். ‘வணிகக்குறி’ சட்டத்தில் பதிவுசெய்கிற டிரேட்மார்க்குக்கு உரியது. ‘தொழிற்பெயர்’ என்று எழுதலாமே என்று சிலருக்குத் தோன்றும். படித்தல், நடத்தல் போன்ற சொற்களுக்கு இலக்கணம் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

எஞ்சுவது ‘தனிமுத்திரை’. முத்திரை வடமொழி வழி வந்தது என்றாலும் பத்திரத்தாளிலிருந்து பரதநாட்டியம் வரை வேரூன்றிவிட்டது. ‘நாதசுரத்தில் தனி முத்திரை பதித்தவர்’ என்று நாளிதழ்கள் எழுதும்போது, ஒருவர் தம் வேலையில் விட்டுச்செல்லும் தடத்தையே குறிக்கின்றன. பர்சனல் பிராண்ட் என்பதில் ஒருவர் தாமே திட்டமிட்டுச் செய்யும் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. யோகா ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: உங்கள் மாணவர்கள் முத்திரை என்றதும் சின்முத்திரையைத்தான் நினைப்பார்கள். ‘தனி’ என்ற அடைமொழியை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் முத்திரையோடு பொருள் முடிந்துவிடவில்லை. மறுபாதிக்கு நாம் தலைமுறைகளாகச் சொல்லிவரும் சொல் ‘பெயர்’. பெயர் எடுத்தார், பெயர் வாங்கினார், பெயரைக் கெடுத்துக்கொண்டார் என்கிறோம். முத்திரையை நாமே பதிக்கிறோம். பெயரைப் பிறரிடமிருந்துதான் வாங்க முடியும். வைத்தியருக்கென்றே ‘கைராசிக்காரர்’ என்ற பட்டமும் உண்டு. அதை யாரும் தாமே பலகையில் எழுதிக்கொள்ள முடியாது.

குமரியில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கலாம். இங்கே ஆசான் என்றால் அடிமுறை என்ற தற்காப்புக் கலையைக் கற்பிப்பவர். அடிபட்டவருக்கு வைத்தியம் பார்ப்பவரும் பெரும்பாலும் அவரே. ஊர்ப்பெயரையோ வீட்டுப்பெயரையோ முன்னால் சேர்த்து ‘இன்ன விளை ஆசான்’ என்று அழைப்பார்கள். வர்ம மரபு உடலில் 108 புள்ளிகளைச் சொல்கிறது: உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அந்த அளவுக்குக் கொடிதல்லாத தொடுவர்மம் 96. புள்ளியில் பட்ட அடியால் தளர்ந்தவரை எழுப்பும் அடங்கல் முறைகளும் அதில் உண்டு. தவறான இடத்தில் தவறான அழுத்தம் விழுந்தால் கேடு என்ற அச்சம் இருப்பதால், தெரியாத கையிடம் எவரும் உடம்பைக் கொடுப்பதில்லை. “யாரிடம் போனாய், எப்படி இருந்தது?” என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் ஆசானின் பெயர்.

அடிபட்ட இடத்தில் தடவும் காயத்திருமேனி எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் காய்ச்சி விற்கிறார்கள். புட்டியும் நிறமும் ஏறக்குறைய ஒன்றே. நல்ல கையாக இருந்தால் அடுப்பை விட்டு நகராது. அடியில் படியும் கசடை எடுத்து விரலிடையில் உருட்டி, மெழுகு பதம் வந்ததா என்று பார்க்கும். திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்திக் காதைக் கொடுக்கும். சடசடவென்று வெடித்தால் ஈரம் போகவில்லை, இன்னும் காய வேண்டும். இதையெல்லாம் வாங்குகிறவர் பார்ப்பதில்லை. எண்ணெய் காறிப்போகாமல் கடைசிச் சொட்டுவரை நிற்கும்போது அவருக்கே தெரிந்துவிடும். பேறுகாலக் குளியலுக்கு வீடுவீடாகப் போகும் பெண்ணுக்கும் இப்படி ஒன்று இருக்கும். இலை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே தாயின் இடுப்பில் ஊற்றுவார். தாயின் அம்மா அதைக் கவனித்துக்கொண்டு நிற்பார். அடுத்த வீட்டுப் பேறுகாலத்துக்கு அழைப்பு அந்த அம்மாவின் வாய்வழியாகத்தான் போகிறது. காணொளி எடுத்துப் போடுவதானால் இந்த முழங்கையை எடுத்துப் போடலாம். எல்லோரும் வைக்கும் தாமரைப்பூப் படத்தைவிட அது ஆயிரம் மடங்கு பேசும்.

தனிமுத்திரை பதிக்க விரும்புகிறவர் முதலில் தாம் யார் என்பதைத் திருத்தமாகச் சொல்ல வேண்டும். முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்துப் பதிவுபெற்றவர் மருத்துவர். ஆசானிடம் பயின்று அடிமுறை கற்பிப்பவர் ஆசான். குளியலும் தடவலும் செய்பவர் பராமரிப்பாளர். மூன்றுமே மதிப்புள்ளவை. ஒன்றை இன்னொன்றாகக் காட்டும் பலகையைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் நம்பி வருகிறவர் கொண்டுவருவது தம் உடம்பை. விளம்பரத்துக்கு எல்லையும் உண்டு. மருந்துகள் பற்றிய ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் 54 நோய்களும் நிலைகளும் உள்ளன. நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம், வாதநோய், ஏன், உடல் பருமன்கூட அதில் இருக்கிறது. இவற்றைத் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வது குற்றம். எடை குறைப்புப் பொடி விற்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஊரின் பெயரும் ஒரு பிராண்டுதான். கன்னியாகுமரி மட்டி வாழை, ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, கன்னியாகுமரி கிராம்பு ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பெயர் அந்தப் பகுதியின் உற்பத்தியாளர்கள் எல்லோருக்கும் பொது. எங்கிருந்தோ வந்த கொப்பரையில் ஆட்டிய எண்ணெய்க்கு ஈத்தாமொழிப் பெயரைச் சூட்டினால் அது பலரின் பெயரைக் கெடுக்கும் செயல்.

தலைமுறை மாறும்போது இச்சொற்களின் வேறுபாடு இன்னும் துலங்கும். வணிகக்குறியைப் பதிவுசெய்தால் 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்கலாம், மகளுக்கு எழுதிவைக்கலாம், விற்கவும் செய்யலாம். தனிமுத்திரையைச் சொல்லிக்கொடுக்கலாம்: எந்தப் பதத்தில் எண்ணெயை இறக்குவது, எவ்வளவு சூட்டில் நீரை ஊற்றுவது என்று. நற்பெயரை மட்டும் எழுதிவைக்க எந்தப் பத்திரமும் இல்லை. ஆசானின் பேரன் பலகையில் தாத்தாவின் படத்தை மாட்டலாம், ‘இன்னாரிடம் படித்தவர்’ என்று எழுதலாம். வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, “பேரனின் கை எப்படி?” என்றுதான் பக்கத்துக் கடையில் விசாரிக்கிறார்கள்.